டிஃபியூசர் மாட்டினால் வெள்ளைப் புள்ளிகள் போய்விடுமா? நீருக்கடியில் பிளாஷ் பயன்படுத்தத் தொடங்குவோருக்கான இழை

கேள்வி – 2024 ஏப்ரல் 4

அண்ணா, நான் வவுனியாவில் இருக்கிறேன். 15 மீற்றர் ஆழம் வரை நீர் புகாத சிறிய கமரா ஒன்று வாங்கி, முல்லைத்தீவுக் கரையில் மூச்சுக்குழாயுடன் மிதந்தபடி படம் எடுத்துப் பழகுகிறேன். பிளாஷ் போடாமல் எடுத்தால் மீன், கல், மணல் எல்லாம் ஒரே நீலப்பச்சையாக வருகின்றன. பிளாஷ் போட்டால் படம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் நிறைந்துவிடுகின்றன. கமரா விற்கும் கடையொன்றில் விசாரித்தேன். பிளாஷின் முன் டிஃபியூசர் என்ற, ஒளியைப் பரப்பும் பால்நிறத் தகட்டை மாட்டினால் ஒளி மென்மையாகிப் புள்ளிகள் மறைந்துவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில் – ஏப்ரல் 4, இரவு

இப்போதைக்கு வாங்க வேண்டாம், தம்பி. ஒளி கடினமாக இருப்பது அந்தப் புள்ளிகளுக்குக் காரணம் அல்ல. ஒளி எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்பதே காரணம், அதை டிஃபியூசரால் மாற்ற முடியாது.

உங்கள் கமராவின் பிளாஷ் லென்ஸிலிருந்து சில விரற்கடை தூரத்தில்தான் இருக்கிறது. அது மின்னும்போது, லென்ஸுக்கும் மீனுக்கும் இடையில் மிதக்கும் மணல் தூசு, சாதாழைத் துணுக்கு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எல்லாவற்றின் மீதும் ஒளி முதலில் பட்டு, பட்ட ஒளி வந்த வழியே லென்ஸுக்குத் திரும்புகிறது. தை மாதத்து விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஏ9 வீதியில் வாகனத்தின் உயர்விளக்கைப் போட்டால் வீதி மறைந்து வெண்மை மட்டும் எஞ்சுவதும் இதே காரணத்தால்தான்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது நாம் பாடசாலையில் படித்த விதி. மீன் 60 சென்ரிமீற்றரிலும் ஒரு தூசு 10 சென்ரிமீற்றரிலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸை ஒட்டியுள்ள பிளாஷிலிருந்து அந்தத் தூசின் மீது விழும் ஒளி, மீனின் மீது விழுவதைப் போல 36 மடங்கு. தூசு குவியத்துக்கு வெளியே இருப்பதால் ஊசிமுனைப் புள்ளியாகத் தெரியாமல் வெள்ளை வட்டமாக விரிகிறது. இப்போது அதே பிளாஷைக் கழற்றி, லென்ஸிலிருந்து 40 சென்ரிமீற்றர் பக்கவாட்டில் வைத்தால் என்ன ஆகும்? தூசுக்கும் பிளாஷுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 41 சென்ரிமீற்றர், மீனுக்கும் பிளாஷுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 72 சென்ரிமீற்றர். 36 மடங்காக இருந்த வேறுபாடு 3 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. ஒளிக்கூம்பைச் சற்று வெளிப்பக்கமாகத் திருப்பினால் அந்தத் தூசு ஒளிக்குள் வராமலே போகலாம்.

ஏப்ரல் 5

டிஃபியூசரால் பயனே இல்லை என்று நேற்று நான் சொன்னதாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது உண்மையில் செய்யும் வேலைகள் இரண்டு.

முதலாவது, ஒளிக்கூம்பை அகலமாக்குவது. பரந்த காட்சியை எடுக்கும் லென்ஸுடன் குறுகிய கூம்புள்ள பிளாஷைப் பயன்படுத்தினால் படத்தின் நடுப்பகுதி வெளுத்து ஓரங்கள் இருண்டு கிடக்கும். டிஃபியூசர் அந்த இருளை நிரப்புகிறது. நீர்புகா உறைக்குள் கமராவை வைத்து உள்ளமைந்த பிளாஷைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, உறையின் லென்ஸ் குழாய் படத்தின் ஒரு மூலையில் பிறை வடிவ நிழல் விழுத்துவதுண்டு. உறையோடு தரப்படும் பால்நிறத் தகடு முதன்மையாக அந்த நிழலைப் போக்கத்தான்.

இரண்டாவது, ஒளி புறப்படும் பரப்பைப் பெரிதாக்குவது. இதைத்தான் எல்லோரும் மென்மை என்கிறார்கள். ஆனால் மென்மை என்பது டிஃபியூசரின் அளவை மட்டும் பொறுத்தது அல்ல. பொருளின் இடத்திலிருந்து பார்க்கும்போது அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. 8 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தகடு, 20 சென்ரிமீற்றரில் இருக்கும் கடற்குதிரைக்குப் பெரிய ஒளிமூலம். 1 மீற்றருக்கு அப்பால் இருக்கும் களவாய்க்கு அது வெறும் புள்ளி. அருகில் போகாதவருக்கு டிஃபியூசர் மென்மையைத் தராது.

இதற்கு விலையாக ஒளியில் ஏறத்தாழ பாதி போய்விடுகிறது. கலங்கிய நீரில் அதைவிடப் பெரிய இழப்பும் உண்டு: கூம்பு அகன்றதனால் லென்ஸுக்கு முன்னுள்ள நீரும் கூடுதலாக ஒளிபெற, எதைப் போக்கவென்று வாங்கினோமோ அந்தப் புள்ளிகளே அதிகரிக்கின்றன. உங்களிடம் வாங்க வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவே முதன்மையான காரணம்.

ஏப்ரல் 7

அப்படியானால் பிளாஷே போடாமல் எடுத்து, பிறகு கணினியில் நிறத்தைத் திருத்தினால் போதாதா என்று கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஆழம் 2, 3 மீற்றருக்குள் என்றால் போதும். அதற்கும் கீழே போகும்போது போதாது.

நீர் சிவப்பை முதலில் விழுங்குகிறது. தெளிந்த கடலிலும் 5 மீற்றர் ஆழத்துக்குள் சிவப்பின் பெரும்பகுதி போய்விடும், பிறகு செம்மஞ்சள், அதன் பின் மஞ்சள். இங்கே ஆழத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. சூரிய ஒளி மேற்பரப்பிலிருந்து பொருளுக்கும், பொருளிலிருந்து லென்ஸுக்கும் நீருக்குள் நடக்கும் மொத்தத் தூரத்தைக் கூட்ட வேண்டும். 5 மீற்றர் ஆழத்தில் 1 மீற்றர் தள்ளி நின்று எடுத்தால் அந்த ஒளி 6 மீற்றர் நடந்திருக்கிறது. பிளாஷின் ஒளி 1 மீற்றர் போய் 1 மீற்றர் திரும்புகிறது, மொத்தம் 2 மீற்றர். அரை மீற்றரில் நின்றால் 1 மீற்றர். ஆகவே நிறத்தை மீட்பதற்கும் அருகில் போவதுதான் வழி. நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், சிறிய பிளாஷ்கள் ஒன்றரை மீற்றருக்கு அப்பால் பயன் தருவதில்லை.

கணினித் திருத்தம் இருக்கும் சிவப்பைக் கூட்டித் தரும். கமராவுக்கு வந்து சேராத சிவப்பை அதனால் உண்டாக்க முடியாது. அப்படி வலிந்து கூட்டினால் படம் குருணையாகி மணல் ஊதா நிறம் அடையும். பிளாஷ் இல்லாமல் எடுப்பவர்கள் வெள்ளைத் தட்டு ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, எடுக்கும் ஆழத்திலேயே அதைக் காட்டி வெண்சமநிலையை, அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பை, கையால் அமைக்க வேண்டும். ஆழம் மாறும்போதெல்லாம் மீண்டும் அமைக்க வேண்டும். லென்ஸின் முன் மாட்டும் சிவப்பு வடிகண்ணாடியும் உதவும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பிளாஷ் அடிக்கக் கூடாது, அருகில் உள்ளவை எல்லாம் செக்கச் சிவந்துவிடும்.

ஏப்ரல் 11

பக்கவாட்டில் வைக்கும் தனிப் பிளாஷை, அதாவது ஸ்ட்ரோப்பை, எங்கே நோக்கித் திருப்புவது என்பது தொடங்குவோரை அதிகம் குழப்பும் இடம். கையில் கிடைத்தவுடன் மீனை நோக்கி நேராகத் திருப்பத் தோன்றும். அது இரண்டு காரணங்களால் பிழைக்கிறது.

நீரின் ஒளிமுறிவுச் சுட்டி 1.33. ஆகவே தட்டைக் கண்ணாடி முகமூடி வழியே பார்க்கும்போது பொருள்கள் உண்மைத் தூரத்தின் நான்கில் மூன்று பங்கில் இருப்பதாகத் தோன்றும். 60 சென்ரிமீற்றரில் இருக்கும் மீன் 45 சென்ரிமீற்றரில் இருப்பதாகக் கண் சொல்கிறது. கண் சொன்ன இடத்தை நோக்கி ஸ்ட்ரோப்பைத் திருப்பினால் ஒளிக்கூம்பின் நடுப்பகுதி மீனுக்கு முன்னால் உள்ள வெற்று நீரில் விழும். மீன் அரைகுறையாக ஒளிபெறும், தூசு முழுமையாக ஒளிபெறும். எனவே மீனுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி நோக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் கூம்பின் வடிவம். மீன் கூம்பின் உள்விளிம்பில் மட்டும் படும்படி, ஸ்ட்ரோப்பை லென்ஸின் முகப்புக்குப் பின்னே இழுத்துச் சற்று வெளிப்புறமாகத் திருப்புங்கள். நடு ஒளியை வீணாக்குகிறோமே என்று முதலில் மனம் ஒப்பாது. ஆனால் அந்த விளிம்பு ஒளியே மீனுக்குப் போதும். லென்ஸுக்கும் மீனுக்கும் இடைப்பட்ட நீர் இருளாகவே இருக்கும், இருளில் உள்ள தூசு படத்தில் தெரியாது.

ஏப்ரல் 12

நேற்று எழுதியது மீன் அரை மீற்றர் அளவில் இருக்கும்போது பொருந்தும். நண்டுக் குஞ்சு, கடற்குதிரை போன்ற சிறியவற்றைக் கை அகல தூரத்தில் எடுக்கும்போது ஸ்ட்ரோப்பை வெளியே நீட்டி வைத்தால் ஒளியே போய்ச் சேராது. அப்போது அதை லென்ஸுக்கு அருகே கொண்டுவந்து, மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ அடிக்க வேண்டும். இடைப்பட்ட நீர் மிகக் குறைவாக இருப்பதால் தூசு பெரிய சிக்கல் ஆகாது. டிஃபியூசருக்கு உரிய இடம் இதுதான். காரல், மணலை போன்ற வெள்ளிச் செதில் மீன்களின் மேல் வெறும் பிளாஷ் பட்டால் உடலின் ஒரு பகுதி வெளுத்து விவரம் அற்றுப்போகும். அருகில் வைத்த பால்நிறத் தகடு அந்த வெளுப்பைப் பெருமளவு அடக்குகிறது.

ஏப்ரல் 20

வீட்டில் செய்த டிஃபியூசர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் எதைக்கொண்டு செய்கிறோம் என்பது முக்கியம்.

தெளிந்த பிளாஸ்ரிக்கை மணல்தாளால் தேய்த்து மங்கலாக்கிப் பூட்டுவதுண்டு. தரையில் அது அழகாக ஒளியைப் பரப்பும், நீருக்குள் போனதும் பெரும்பாலும் செயலிழக்கும். தேய்த்த பரப்பின் மேடுபள்ளங்கள் ஒளியைச் சிதறடிப்பது பிளாஸ்ரிக்குக்கும் காற்றுக்கும் இடையிலான ஒளிமுறிவு வேறுபாட்டினால். அக்ரிலிக்கின் சுட்டி 1.49, காற்றினது 1.00, நீரினது 1.33. பள்ளங்களில் காற்றுக்குப் பதிலாக நீர் நிரம்பியதும் வேறுபாடு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பால்நிறப் பிளாஸ்ரிக் அப்படி அல்ல. அதன் உடலுக்குள்ளேயே ஒளியைச் சிதறடிக்கும் துகள்கள் இருப்பதால் நீருக்குள்ளும் அதே வேலையைச் செய்யும். ஐஸ்கிறீம் பெட்டியின் வெள்ளை மூடி, மெல்லியதாக இருந்தால், நல்ல டிஃபியூசர்.

கிண்ணம் போன்ற வடிவத்தில் செய்தால் உள்ளே காற்று தங்கும். காற்றுக் குமிழி ஒளியில் கறைபோலத் தெரியும். மேலும் கீழும் சிறு துளை இட்டு, நீரில் இறங்கியதும் ஒரு முறை குலுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். மீன்பிடி நைலோன் நூலால் கட்டிவையுங்கள். கழன்று கடலில் போகும் பிளாஸ்ரிக் மூடி வேறொருவரின் வலைக்கும் ஆமையின் வயிற்றுக்கும் போகக்கூடியது.

மே 3

ஒளியைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு நீரைப் பற்றி எழுதாமல் விட முடியாது. கலங்கிய நீரில் எந்த ஸ்ட்ரோப்பும் அதிசயம் செய்யாது. எப்போது, எங்கே இறங்குவது என்று அறிந்தவர் பாதிப் புள்ளிகளைக் கரையிலேயே விட்டுவிடுகிறார்.

நம் வன்னிக்கு இரண்டு கடல்கள். வாடைக்காற்று வீசும் மாரிக்காலத்தில் முல்லைத்தீவு, அளம்பில், செம்மலைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். சோழகக் காற்று எழும் மாதங்களில் அந்தக் கரை அடங்கி, மன்னார்க் குடாப் பக்கம் கலங்கத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் இரண்டு பக்கமும் ஓரளவு நல்லவை. மழை பெய்த பின் ஆற்று முகத்துக்கு அருகில் போக வேண்டாம்: அரிப்புப் பக்கமாகக் கடலில் விழும் அருவி ஆறும், நந்திக்கடலுக்கு நீர் கொண்டுவரும் பேராறும் மழைக்குப் பின் பல நாட்களுக்கு மண்ணைச் சுமந்து வருகின்றன. வட்டுவாகலில் முகத்துவாரம் திறந்து களப்பு நீர் கடலுக்குப் பாயும் நாட்களிலும் அப்படித்தான்.

கரைவலை இழுக்கும் இடத்தில் பாடு முடிந்த உடனே இறங்குவது வீண். மடி தரையோடு இழுபட்டு எழுப்பிய மணல் அடங்க நேரம் வேண்டும். எந்த நேரத்தில் இழுக்கிறார்கள், எந்தப் பக்கமாக நீரோட்டம் போகிறது என்பதை வாடியில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு இறங்குங்கள். சிலாவத்துறையில் சங்கு குளிக்கும் பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னதை இங்கே தருகிறேன். தரையில் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் நீரோட்டம் நம் முகத்தில் படும்படி போக வேண்டும், அப்போது நாம் கிளப்பும் மண் நமக்குப் பின்னால் போகும் என்றார். கமரா பற்றி அவர் எதுவும் பேசவில்லை. ஆனாலும் நீருக்கடியில் படமெடுப்பது பற்றி நான் கேட்ட அறிவுரைகளில் அதுவே மிகச் சிறந்தது. துடுப்புச் செருப்பைக் கீழ்நோக்கி அடிக்காமல், முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் மெல்ல அடிக்கப் பழகினால் இன்னும் நல்லது.

மே 4

குளங்களில் எடுக்கலாமா என்று கேட்டவருக்கு: இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எதிலும் கமராவுடன் இறங்காதீர்கள். முதலை இருக்கும் குளங்கள் இவை. நீளமான தடியின் நுனியில் கமராவைக் கட்டி, நேரக்கணிப்பானையோ இடைவெளி விட்டுத் தானே எடுக்கும் அமைப்பையோ போட்டு, பாதுகாப்பான படித்துறையிலிருந்து நீருக்குள் விடுங்கள். நீர் வெளியேறும் துருசுக்கு அருகே இதையும் செய்ய வேண்டாம், அங்கே உள்ளிழுப்பு இருக்கும். குளத்து நீர் கரைந்த தாவரச் சாயத்தினால் நீலத்தையும் விழுங்கிப் பச்சையும் பழுப்புமாக இருக்கும். பிளாஷ் ஒளி ஒரு முழத்துக்கு மேல் பயன் தராது. காலை 9 மணிக்குப் பின் சூரியன் முதுகுப் பக்கம் இருக்க, பிளாஷை அணைத்துவிட்டு எடுப்பதே நல்லது.

ஜூன் 9

தனிப் பிளாஷ் பணக்காரருக்கு உரியது, தொடங்குகிறவருக்கு வேண்டாதது என்ற கருத்தை ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். இந்தக் கலையின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. நீருக்குள் படமெடுக்க முனைந்த முன்னோடிகள் பலர் ஒளியைத் தனியாகக் கொண்டுபோனவர்கள்.

பிரான்சின் உயிரியலாளர் லூயி பூத்தான் 1893இல் பான்யுல்ஸ் கடற்கரையில் நீருக்கடியில் படம் எடுக்கத் தொடங்கியபோதே வெளிச்சம் போதாமையைச் சந்தித்து, மக்னீசியம் எரியும் விளக்கை நீருக்கடியில் பயன்படுத்திப் பார்த்தார். 1926இல் மீனியல் அறிஞர் வில்லியம் லோங்லியும் படப்பிடிப்பாளர் சார்ள்ஸ் மார்ட்டினும் புளோரிடாவில் நீருக்கடியிலான முதல் இயற்கை வண்ணப்படங்களை எடுத்தார்கள். அவர்களுடைய வண்ணத் தகடுகளுக்கு மிகுந்த ஒளி வேண்டியிருந்ததால், மேலே மிதக்கும் தெப்பத்தில் மக்னீசியத் தூளை வெடிக்க வைத்தார்கள். பிளாஷ் நீருக்கு மேலேயும் லென்ஸ் நீருக்குக் கீழேயும் இருந்தன. ஆபத்தான வேலை, எவரும் பின்பற்ற வேண்டியது அல்ல. பிற்காலத்தில், 1950களில், மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஹரோல்ட் எட்ஜர்ட்டன் மின்னணுப் பிளாஷை ஆழ்கடலுக்குக் கொண்டுபோய், கடலாய்வாளர் ஜாக் கூஸ்டோவின் குழுவினரோடு வேலை செய்தார். கமராவோடு பிளாஷை ஒட்டவைத்த சிறிய கருவிகள் இவற்றுக்கெல்லாம் பின் வந்த வசதி. அந்த வசதி தரைக்கு ஏற்றது.

பணம் இல்லை என்றால் ஒளியைத் தனியாக்க வேறு வழி உண்டு. துணைக்கு வருபவரிடம் நல்ல நீர்புகா டோர்ச் ஒன்றைக் கொடுத்து, பக்கவாட்டில் ஒரு கை தூரத்திலிருந்து மீனின் மேல் பிடிக்கச் சொல்லுங்கள். கமராவின் பிளாஷை அணைத்துவிடுங்கள். ஒளி குறைவாக இருப்பதால் அசையாத பொருளுக்கே பொருந்தும். ஆனால் ஒளி எந்தக் கோணத்தில் வந்தால் புள்ளி கூடுகிறது, எந்தக் கோணத்தில் குறைகிறது என்பதைக் கண் முன்னாலேயே பார்த்துக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது. எப்படியும் தனியாக இறங்கக் கூடாது என்பதால் துணைக்கு ஒருவர் இருக்கவே வேண்டும்.

ஜூன் 23

அமைப்புகள் பற்றிச் சுருக்கமாக. பிளாஷ் மின்னுவது கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆகவே ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளி கமராவுக்குள் வரும் நேரத்தை, மாற்றினாலும், பிளாஷோடு அது ஒத்திசையும் எல்லைக்குள் இருக்கும் வரை, மீன் மேல் விழும் பிளாஷ் ஒளி மாறாது. மாறுவது பின்னால் தெரியும் கடல் நீலம் மட்டுமே. மீன் வெளுத்தால் லென்ஸ் துளையைச் சுருக்குங்கள் அல்லது பிளாஷின் வலுவைக் குறையுங்கள். பின்னணி கறுத்தால் ஷட்டரை மெதுவாக்குங்கள். இந்த இரண்டையும் தனித்தனியாக நினைக்கப் பழகியவருக்குக் கைமுறை அமைப்பு பயமூட்டாது. 1/125 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 200 என்பதிலிருந்து தொடங்கலாம். மூலக் கோப்பாக (RAW) சேமிக்க முடியும் கமரா என்றால் அப்படியே சேமியுங்கள்.

பிளாஷுக்கு நம் நாட்டில் இன்னொரு சிறப்பான பயன் உண்டு. ஏப்ரல் 5 முதல் 15 வரையிலும், ஓகஸ்ட் இறுதி முதல் செப்ரெம்பர் முதல் வாரம் வரையிலும் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கிறது. அந்நாட்களின் நண்பகலில் மீனின் முதுகு பளிச்சென்றும் வயிறு கருநிழலிலும் இருக்கும். ஆழமற்ற தெளிந்த நீரில், பிளாஷைக் கால்வாசி வலுவில் வைத்து அந்த நிழலை மட்டும் நிரப்பினால், சூரிய ஒளியின் அழகும் கெடாது, வயிற்றுப் பக்கச் செதிலும் தெரியும். டிஃபியூசரை மாட்டிக்கொண்டு பரந்த காட்சியை எடுக்க உகந்த வேளை அதுவே.

ஜூலை 14

பிளாஷ் அடித்தால் உயிர்களுக்குக் கண் போய்விடாதா என்று கேட்ட ஆசிரியர் அக்காவுக்கு நன்றி. இந்தக் கேள்வி முதலில் வந்திருக்க வேண்டியது. அவுஸ்திரேலியாவின் கேர்ட்டின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்குதிரை உள்ளிட்ட, கடலடித் தரையில் வாழும் மீன்களிடம் இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். பிளாஷைவிட, படம் நன்றாக வரவேண்டும் என்று கையால் தொட்டு நகர்த்துவதே அவற்றை அதிகம் அலைக்கழிக்கிறது என்று கண்டார்கள். ஆகவே தொடாதீர்கள். முருகைக்கல்லைப் பிடித்துக்கொண்டு நிலைப்படவும் வேண்டாம். வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைப் பகுதிகளில் உள்ள முருகைக்கற்கள் நமக்கு மிஞ்சியிருக்கும் சொத்து.

நம் இடத்துக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகளும் இருக்கின்றன. நீருக்குள் கிடக்கும் இரும்புப் பொருள் எதையும் தொடவோ புரட்டவோ கூடாது, படம் எடுக்க அருகில் போகவும் கூடாது. யுத்த காலத்து வெடிபொருட்கள் நீருக்குள் கிடந்தாலும் ஆபத்து நீங்கியவை அல்ல. சந்தேகமானால் இடத்தை நினைவில் வைத்துக் கரைக்கு வந்து பொலிசாருக்கு அறிவியுங்கள். இரவில் ஒளியுடன் இறங்குவதும் இங்கே சாதாரண விடயம் அல்ல. வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிப்பதற்கு எதிராக முல்லைத்தீவு மீனவர்கள் பல தடவை குரல் எழுப்பியிருக்கிறார்கள். அவர்களுடைய வாழ்வாதாரத்தின் மேல் நீங்கள் எந்த நோக்கமும் இல்லாமல் ஒளியடித்தாலும், கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. மீனவர் சங்கத்துக்கு முன்கூட்டியே சொல்லாமல் இரவில் போகாதீர்கள்.

ஓகஸ்ட் 2

பராமரிப்பு. பிளாஷுக்கு மீள்மின்னேற்றும் நிக்கல் மின்கலங்களே நல்லவை. கடையில் கிடைக்கும் சாதாரண அல்கலைன் கலங்களைவிட விரைவாக அடுத்த ஒளிக்குத் தயாராகும். மூடியில் நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் முத்திரை வளையத்தில் ஒரு தலைமயிர் இருந்தாலும் நீர் உள்ளே வரும், ஆகவே நல்ல வெளிச்சத்தில் துடைத்து, அந்தந்தக் கருவிக்கு உரிய கிறீஸை மினுக்கம் தெரியும் அளவுக்கு மட்டும் பூசி மூடுங்கள். உறையை வெயில் ஏறிய பின் கடற்கரையில் மூடினால், உள்ளே அடைபட்ட ஈரக்காற்று கடல்நீரின் குளிர்ச்சியில் கண்ணாடியின் உட்புறம் ஆவியாகப் படியும். வீட்டிலேயே, மின்விசிறிக்குக் கீழே, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிக்கொண்டு புறப்படுங்கள். திரும்பியதும் நல்ல நீரில் ஊறவைக்க வேண்டும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் இருப்பதால் வீட்டிலிருந்து ஒரு கலன் நீர் கொண்டுபோவது நல்லது.

ஓகஸ்ட் 18

தம்பி, நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேத்தை மீனின் படம் மிக நன்றாக வந்திருக்கிறது. அதற்கு முன் எடுத்தவற்றுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு நீங்கள் போன தூரத்தில்தான் இருக்கிறது, வேறெதிலும் இல்லை. அதில் எஞ்சியிருக்கும் புள்ளிகள் இடது மேல் மூலையில் மட்டும் இருக்கின்றன, டோர்ச் பிடித்தவர் அந்தப் பக்கத்தில் சற்று முன்னால் வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவரை உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள்.

இனி ஸ்ட்ரோப் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் உங்கள் கமரா உறை இல்லாமலே நீருக்குள் இறக்கக்கூடியது என்பதால் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரோப்பை இயக்கும் ஒளியிழைக் கம்பியைப் பூட்ட அதில் இடம் இல்லை. கம்பி இல்லாமல், உள்ளமைந்த பிளாஷ் மின்னுவதைக் கண்டு ஸ்ட்ரோப் தானே இயங்கும் முறையில் வைத்தால், அந்த உள்ளமைந்த பிளாஷே மீண்டும் தூசின் மேல் அடிக்கும், வெயில் மிகுந்த ஆழமற்ற நீரில் ஸ்ட்ரோப்பின் உணரி அதைக் காணத் தவறவும் கூடும். ஆகவே ஒளியிழைப் பூட்டு உள்ள உறையை முதலில் வாங்குங்கள். அதில் உள்ளமைந்த பிளாஷின் முன் ஒரு கறுப்புத் தகடு வரும், அல்லது கறுப்பு நாடா ஒட்டிக்கொள்ளலாம். ஒளி கம்பிக்குள் மட்டும் போகும், நீருக்குள் போகாது. உங்கள் கமரா முன்னொளி ஒன்றை விட்டபின் முதன்மை ஒளியை விடும் வகையாக இருந்தால், அதைக் கணக்கில் எடுக்கும் அமைப்பு ஸ்ட்ரோப்பில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஸ்ட்ரோப் முன்கூட்டியே மின்னிப் படம் கறுத்துப்போகும்.

உறை, ஒரு ஸ்ட்ரோப், கம்பி, கைகள் (ஸ்ட்ரோப்பைத் தாங்கும் தண்டுகள்) என்ற வரிசையில் பணத்தைச் செலவழியுங்கள். டிஃபியூசரைப் பெரும்பாலும் ஸ்ட்ரோப்போடு சேர்த்தே தருகிறார்கள், தனியாகப் பணம் கொடுக்கத் தேவை வராது. இரண்டாவது ஸ்ட்ரோப்பை இப்போது நினைக்கவே வேண்டாம். கைகள் ஒவ்வொன்றும் 20 சென்ரிமீற்றர் அளவில் இரண்டு துண்டுகள் போதும், ஏப்ரல் 4இல் கணக்கிட்ட 40 சென்ரிமீற்றர் அதிலேயே கிடைத்துவிடும். வாங்கும்போது பந்து மூட்டுகள் 1 அங்குல அளவுடையவையா என்று பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் பொருத்திகள் அந்த அளவில்தான் வருகின்றன என்பதால், பின்னர் வேறு எவருடைய பழைய கைகளை வாங்கினாலும் அவை உங்களுடையவற்றோடு பொருந்தும்.